கிரேன்காரரின் காதுமூடி

காலையிலிருந்து மாட்டியிருந்த காதுமூடி இறுக்கி, இரண்டு காதுமடலும் விண்விண்ணென்று தெறித்தன. கிரேன்காரர் அதைக் கழற்றவில்லை. பக்கத்துக் கொட்டகையில் இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நேற்று அவர் கிரேனிலிருந்து இறக்கிய தகடு வெல்டரின் காலை நசுக்கிவிட்டது. இன்று விசாரணை. மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னால் வேலை போய்விடும்.

மேனேஜருக்காகக் காத்து நின்றவரின் முதுகுக்குப் பின்னால் போர்மேனும், கிரேன் கூண்டில் இருப்பவருக்குக் கீழே நின்று குரல் கொடுக்க வேண்டிய மச்சானும் நின்றார்கள். மனைவியின் தம்பி, இவரே கெஞ்சிக் கூத்தாடி வேலைக்குச் சேர்த்துவிட்ட ஆள்.

"யோவ் மாமா!" என்று கூப்பிட்டுப் பார்த்தான் மச்சான். கிரேன்காரர் திரும்பவில்லை.

"கம்பெனி குடுத்த காதுமூடி ஆகாதாம் துரைக்கு. சொந்தமா வாங்கி, வாரா வாரம் பேட்டரி வேற மாத்துறாரு. பாட்டு கேக்குறாரு போல."

போர்மேன் சிரிக்கவில்லை. "உண்மையச் சொல்லுடா. நேத்து நிறுத்தச் சொல்லிக் கத்தினியா?"

"எங்கண்ணே... போன்ல பேசிட்டிருந்தேன். வெல்டர் தகட்டுக்குக் கீழ வந்ததையே பாக்கல."

"வெளிய மூச்சு விடாத. உன்ன அங்க நிறுத்தினது நான், என் தலையும் உருளும். தொண்டை கிழியக் கத்தினேன், காதுமூடியால அந்தாளுக்குக் கேக்கலன்னு சொல்லு."

"அக்கா கேட்டா?"

"உங்கக்காவா சம்பளம் குடுக்குறா?"

மேனேஜர் வந்தார். மச்சான் கண் இமைக்கவில்லை. "நாலு தடவ கத்தினேன் சார். இந்த மனுசன் காதை அடைச்சிக்கிட்டா நான் என்ன பண்றது?"

மேனேஜர் கிரேன்காரரின் தோளைத் தட்டி, காதுமூடியைக் கழற்றும்படி சைகை காட்டினார்.

"அப்படியே பேசுங்க சார், கேக்குது" என்றார் அவர். "இது சம்மட்டிச் சத்தத்தத்தான் அமுக்கும், ஆள் பேச்ச உள்ள விடும். கீழ நிக்கிறவன் கத்தினா கேக்கணும்னே தேடி வாங்கினேன். இவன் போன் பேசிட்டிருந்தேன்னு இப்ப சொன்னதும் கேட்டுச்சு. உங்கக்காவா சம்பளம் குடுக்குறான்னு போர்மேன் கேட்டதும் கேட்டுச்சு."

போர்மேன் தரையைப் பார்த்தார். மச்சான் ஓரடி பின்வாங்கினான்.

கிரேன்காரர் அவன் பக்கம் திரும்பினார்.

"ஆஸ்பத்திரில கெடக்குற வெல்டருக்கு நீ ஒரு குரல் பாக்கிடா, மச்சான்."