வெளிச்சம் திரும்பாத பெட்டி

"யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எந்தப் பெட்டி யாரோடதுன்னு எனக்குத் தெரிஞ்சா, சோதனையே செல்லாது!" என்றார் வெளியிலிருந்து வந்திருந்த நடுவர் அம்மா.

மேஜையில் இரண்டு கறுப்புப் பெட்டிகள். இரண்டின் முகப்பிலும் காசளவு துளை. போட்டியாளர்கள் தாங்கள் செய்த கறுப்புத் தகட்டைத் துளைக்குப் பின்னால் பொருத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அம்மா விளக்கடித்து, எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருகிறது என்று அளப்பார். அதிகம் விழுங்கும் தகடு புதுத் தொலைநோக்கிக்குள் போகும். அந்தத் தகட்டை வடிவமைத்தவர் பிரிவுத் தலைவராவார். தோற்றவருக்குப் பெயின்ட் பிரிவுக்கு மாற்றல்.

முதல் பெட்டி மச்சானுடையது. இரண்டாவது, அவர் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளையுடையது. வீட்டுக்கு ஒரு விஞ்ஞானி போதாதென்று, தங்கை அதே ஆய்வுக்கூடத்திலிருந்து இன்னொருவரைப் பிடித்து வந்திருந்தாள்.

மச்சான் லேசுப்பட்ட ஆளில்லை. கண்ணுக்குத் தெரியாத இழைகளைத் தகட்டின் மேல் காடாக வளர்த்து, விழுகிற வெளிச்சம் அதற்குள் மாட்டிக்கொள்ளும்படி வடிவமைத்திருந்தார். அதிலேயே பாதித் தலைமுடி போய்விட்டது.

விளக்கு எரிந்தது.

"முதல் பெட்டி. ஆயிரத்துல மூணு பங்குதான் திரும்புது. பிரமாதம்!"

மச்சான் மீசையைத் தடவிக்கொண்டார்.

"மேடம், ஒரு நிமிஷம்..." மாப்பிள்ளை கையைத் தூக்கினார்.

"உஷ்!"

'ஆரம்பிச்சுட்டாருய்யா! தன் பெருமையைப் பேசாட்டி இவருக்குச் சோறு இறங்காது' என்று பல்லைக் கடித்தார் மச்சான்.

"ரெண்டாவது பெட்டி..." அம்மா கருவியைத் தட்டினார். துடைத்தார். விளக்கைக் கூட்டினார். "அட கடவுளே! ஒண்ணுமே திரும்பி வரலையே!"

"மேடம், அதுல என்னன்னா..."

"இன்னொரு வார்த்தை பேசினா வெளியே அனுப்பிடுவேன்!"

மச்சான் குனிந்து துளையைப் பார்த்தார். கறுப்பென்றால் அப்படியொரு கறுப்பு. அதற்குப் பக்கத்தில் அவருடைய தகடு சாயம்போன சட்டை மாதிரி இருந்தது. வயிறு பற்றி எரிந்தது. கொஞ்ச நேரத்தில் எரிச்சல் அடங்கி வெட்கம் வந்தது. 'உங்க தகட்டை விட எங்க வீட்டு அடிப்பிடிச்ச சட்டி கறுப்பு மாப்ளே' என்று போன வாரம்தான் எல்லார் முன்னாலும் கிண்டலடித்திருந்தார்.

"ரெண்டாவது பெட்டிக்குத்தான் வெற்றி. இப்ப பேசலாம்" என்றார் அம்மா.

மச்சான் முந்திக்கொண்டு மாப்பிள்ளையின் கைகளைப் பிடித்தார். கண் கலங்கிவிட்டது.

"மாப்ளே, உங்களைப் போய் என்னென்னமோ பேசிட்டேன். மன்னிச்சுடுங்க. நான் பெயின்ட் பிரிவுக்கே போயிடறேன். ஏழு ஜென்மம் எடுத்தாலும் எனக்கு இந்த மாதிரி வடிவமைக்க வராது. எப்படி மாப்ளே செஞ்சீங்க?"

மாப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நான் எங்க செஞ்சேன் மச்சான்? காலையில கை தவறி என் கண்ணாடித் தகடு விழுந்து நொறுங்கிடுச்சு. போட்டியிலேருந்து விலகிக்கறேன்னு சொல்லத்தான் அப்பவே வாயைத் திறந்தேன். பெட்டி காலி. ஓட்டைக்குள்ள போன வெளிச்சம் வெளிய வர வழி தெரியாம உள்ளேயே சுத்துது, அவ்வளவுதான்."