பதினொரு கைகள்

“‘கேட்டுக்கொள்கிறேன்’னு போடாதே. ‘முடிவு செய்துவிட்டேன்’னு போடு” என்றார் கல்லூரி டீன் பெட்ரோசியன்.

தட்டச்சு செய்துகொண்டிருந்த உதவியாளர் அராசெலியின் விரல்கள் அப்படியே நின்றன. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். அதற்குள் இப்படி ஒரு கடிதமா? சனிக்கிழமை காலையில் தோட்டத் தொழிலாளர்களுக்கு நடக்கும் ஆங்கில வகுப்பு இந்தப் பருவத்தோடு ரத்து.

அந்த வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்காருகிறவர் அவளுடைய அப்பா எவுசேபியோ. முப்பத்தெட்டு வருஷமாகப் பாதாம் தோட்டங்களில் வேலை பார்க்கிறவர். போன மாதம்தான் முதல்முறையாக, ‘மருந்து அடித்திருக்கிறது, உள்ளே போகாதே’ என்ற ஆங்கிலப் பலகையைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்து, அந்த வரப்பிலிருந்தே மகளுக்கு போன் போட்டுச் சொன்னார்.

“மேடம், பதினாலு பேர் படிக்கிறாங்களே...”

“அச்சடி. இன்னிக்கு மூணு மணிக்குப் பாடத்திட்டக் குழு கூடுது. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பிரதி இருக்கணும்.”

பிரின்டரை ஓங்கி ஒரு அறை விட்டுத்தான் அச்சடித்தாள் அராசெலி.

மூன்று மணிக்குக் குழுவின் பதினொரு ஆசிரியர்களும் கடிதத்தைப் படித்தார்கள். அறை கொதித்தது. குழுத் தலைவர் விட்லாக், வரலாற்று ஆசிரியர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

“முடிவு செய்துவிட்டேனா? யாரும்மா முடிவு செஞ்சது?”

“நான்தான்” என்றார் டீன்.

“ஓஹோ! என்ன பாடம் நடத்தணும், எதை நிறுத்தணும்ங்கிறதெல்லாம் எங்களைக் கேட்டுத்தான் செய்யணும். மாநிலச் சட்டம் சொல்லுது. படிச்சுக் காட்டட்டுமா?” தடித்த கோப்பு ஒன்றை மேசைமேல் தொப்பென்று வைத்தார் விட்லாக். அதில் சிவப்பும் மஞ்சளுமாக நாற்பது அடையாளத் துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன.

“சட்டம் அது பாட்டுக்கு இருக்கட்டும் சார். எனக்கு அந்த வகுப்பறை வேணும்.”

“எதுக்கு?”

“உடைஞ்ச நாற்காலிகளைப் போட்டு வைக்க.”

மேசையைச் சுற்றிப் பதினொரு வாய்களும் ஒரே நேரத்தில் திறந்தன. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அராசெலிக்கு யார் பேசுவதை எழுதுவதென்றே தெரியவில்லை.

மண்பாண்டக் கலை ஆசிரியர் மட்டும் தயங்கித் தயங்கி, “ஆனா, அந்த வகுப்போட பாடத்திட்டத்தைப் புதுப்பிக்காம நாமளே ஆறு தடவை தள்ளிப் போட்டிருக்கோமே. இந்த மாசமும் விட்டா அது தானாவே காலாவதி ஆயிடும்” என்றார்.

“தள்ளிப் போடறதும் நம்ம உரிமை!” என்று சீறினார் விட்லாக். “அதுல நிர்வாகம் தலையிடக் கூடாது!”

“அதான் காலாவதி ஆகப்போகுதே, அப்புறம் எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்றார் டீன், நகத்தைப் பார்த்தபடி. “அதைப் புதுசா எழுதி முடிக்கவே உங்களுக்கு ஒரு வருஷம் ஆகும்.”

“யாருக்கு? எங்களுக்கா?” விட்லாக்கின் காது மடல் சிவந்தது. “கதவைச் சாத்துங்கப்பா! எழுதி முடிக்காம ஒருத்தரும் எழுந்திரிக்கக் கூடாது.”

எழுதினார்கள். சண்டை போட்டுக்கொண்டே எழுதினார்கள். அறுவடை ஒப்பந்தம் படிப்பது, மருத்துவமனையில் பேசுவது என்று இரண்டு பாடங்களைப் புதிதாகச் சேர்த்தார்கள். வாரம் ஒரு நாள் போதாது, புதன்கிழமை மாலையும் வேண்டும் என்றார் கணித ஆசிரியர். டீன் “முடியவே முடியாது” என்றதும் அதையும் சேர்த்தார்கள்.

ஐந்தேகாலுக்கு வாக்கெடுப்பு. பதினொரு கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. விட்லாக் டீனைப் பார்த்துத் தலையைச் சாய்த்து, “வேற ஏதாவது முடிவு செஞ்சிருக்கீங்களாம்மா?” என்றார். அறையே சிரித்தது.

டீன் பெட்ரோசியன் எழுந்தார். காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வெளியே போனார்.

அராசெலிக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பாவுக்கு உடனே சொல்ல வேண்டும். ஆனால் நடைவழியில் தனியாகப் போகிற அந்த முதுகைப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரோடு பின்னாலேயே போனாள்.

டீன் தன் அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

“மேடம், மறைக்கப் பிடிக்கலை, சொல்லிடறேன். எங்கப்பாவும் அந்த வகுப்புலதான் படிக்கிறாரு. நீங்க தோத்தது எனக்கு ரொம்ப சந்தோஷம். வேலையை விட்டுத் தூக்கறதுன்னா தூக்கிக்கோங்க.”

டீன் தண்ணீரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். எட்டி நடைவழியைப் பார்த்தார். யாரும் இல்லை.

“உட்காரும்மா. அடுத்த மாசம் நமக்கு வெல்டிங் வகுப்பு வேணும், அதை ரத்து பண்றேன்னு எழுது.”