கை போகாத பெட்டி

"பொட்டி வேணாம்னா வேணாம் பெரியவரே! எத்தினி வாட்டி சொல்றது? எதிர் வூட்டுல கல்யாணம். நாலு கிராக்கி வர்ற நேரத்துல வாசல மறைச்சிகினு நிக்கிறீங்களே!"

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்தெருவில் இருந்தது ஞானம்மாவின் பேன்சி கடை. முன்னால் பலகை போட்டு, சாந்துச் சீசா, கண்மை டப்பி, ஹேர்பின், ரிப்பன் என்று தட்டுத் தட்டாகப் பரப்பியிருந்தாள். அந்தப் பலகையின் மேலேயே தம் மரப்பெட்டியை வைத்துவிட்டு, மேல்துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு நின்றார் தணிகாசலம். வெயில் அப்படி.

விற்க வந்தவர் போல அவர் இல்லை. வேட்டி கஞ்சியில் மொடமொடத்தது. முதுகு வளையவில்லை, பேச்சும் குழையவில்லை. ஆனால் இடத்தைவிட்டு நகரவும் இல்லை.

"ஒரே ஒரு தரம் பாரும்மா," என்றார். மடியிலிருந்து சாந்துச் சீசாக்களை எடுத்துப் பெட்டியின் மேல்வாயில் ஒவ்வொன்றாகப் போட்டார். ஹேர்பின் அட்டைகளும் வந்தன. எல்லாம் புதுசு. மூடிகூடத் திறக்காதவை.

"இன்னா, நீங்களும் கடை வெச்சிருக்கீங்களா?"

"இல்ல. வூட்ல இருந்தது." பெட்டியின் முகப்பைத் தட்டிக் காட்டினார். "முன்னால கண்ணாடி. சாமான் கண்ணுக்குத் தெரியும், கை உள்ள போவாது. பிடி உன் பக்கம் இருக்கும். இழுத்தா ஒண்ணே ஒண்ணு வுழும். நீ இழுக்காம யாரும் எடுக்க முடியாது."

பிடியை இழுத்தார். சீசா ஒன்று உருண்டு வந்து கீழே இருந்த தட்டில் விழுந்தது. தேக்குப் பலகை, பித்தளைக் கீல். ஆசாரியின் கூடவே உட்கார்ந்து செய்வித்த வேலை என்று பார்த்தாலே தெரிந்தது.

ரிப்பன் பொறுக்கிக்கொண்டிருந்த ராஜம்மா நிமிர்ந்தாள். "இன்னா ஞானம், எங்களயெல்லாம் திருடிங்கன்றாரா இவரு?"

"அதான் கேளு!" ஞானம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "பொம்பளைங்க தொட்டுப் பாத்துதான் வாங்குவாங்க. கண்ணாடிக்குள்ள வெச்சிகினு உக்கார இது இன்னா மியூசியமா? இந்தக் கடையில ஒரு குண்டூசி காணாப் போனதில்ல, தெரியுமா?"

"இதுவரைக்கும் போவல," என்றார் தணிகாசலம்.

"வாயில நல்ல வார்த்தையே வராதாய்யா உனக்கு?" ராஜம்மா ரிப்பனைத் தட்டிலேயே போட்டாள். "நான் வேற கடை பாத்துக்கிறேன் ஞானம். இங்க நின்னா என் மடியத் தடவிப் பாப்பாரு போலக் கீது."

அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்த ஞானம்மா பெருமூச்சு விட்டாள். "வந்த கிராக்கியும் போச்சு. உங்களுக்குப் புண்ணியமாப் போவும் பெரியவரே, அந்த மூலையில கீற பீடிக்கடைக்குக் கொண்டு போங்க. பிளேடு, பீடிக்கட்டுன்னு தினமும் எவனாச்சும் சுருட்டிகினு போறான். அவரு ஆசையா வாங்குவாரு."

"பீடிக்கடைக்கு வேணாம். உன் கடைக்குத்தான்."

"சரி, இன்னா வெல?"

"வெல வேணாம்மா. வெச்சுக்க."

ஞானம்மாவின் முகம் மாறியது. சும்மா வருகிற பொருளுக்குப் பின்னால் ஏதாவது வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

"சும்மாவா? இன்னிக்கு மாட்டிட்டு, நாளைக்கு போலீசக் கூட்டிகினு வந்து என் பொட்டி எங்கன்னு கேக்கவா? எந்த ஊரு நீங்க?"

நாலு கிராமத்துக்குப் பஞ்சாயத்துச் சொன்ன வாய் தணிகாசலத்துடையது. சொந்த ஊர்ப் பேரைச் சொல்ல இன்று திறக்கவில்லை.

"ஊரு எதுக்கும்மா? ஆணி, சுத்தி எல்லாம் கொண்டாந்திருக்கேன். நானே அடிச்சுக் குடுத்துட்டுப் போயிடறேன். சாமான மட்டும் வெளிய பரப்பாத. இன்னிலேருந்து பரப்பாத."

ஆணிகளை அவசரமாக எடுத்தார். இரண்டு ஆணிகள் தெருவில் சிதறின. அதுவரை வளையாத முதுகை வளைத்து, மண்ணில் துழாவிப் பொறுக்கினார். பொறுக்கி எழுந்தவர் பெட்டியை மறுபடி அவள் பக்கம் தள்ளினார்.

ஞானம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்ததும் மரியாதை போயிற்று.

"நீ இப்டியெல்லாம் சொன்னா கேக்க மாட்ட. ஆம்பள ஒருத்தரு வந்து கேக்கட்டும்." எதிர்வீட்டில் பந்தல்காரர்களை விரட்டிக்கொண்டிருந்த பலராமனைப் பார்த்துக் கை தட்டினாள். "பலராமண்ணே! ஒரு ஆளு இங்க கலாட்டா பண்ணிகினு கீறான். செத்த வந்துட்டுப் போங்க!"

"தோ வர்றேன் ஞானம்மா! மாப்ள வூட்டுக்காரன்னா ஆயிரம் வேலை, செருப்பு எங்க வெச்சேன்னே தெரில..."

தணிகாசலத்தின் முக்காடு மூக்குவரை இறங்கியது. சாமி சந்நிதியில் தவிர வேறெங்கும் கூப்பாத கைகளை அந்தப் பலகைக்கு மேல் கூப்பினார்.

"வேணாம்மா, அவரு வர வேணாம்னு சொல்லிடு. அவரு என்னைப் பாக்கக் கூடாது."

"ஏன்? அவரு தலையிலயும் ஒரு பொட்டியக் கட்டிட்டியா?"

செருப்புச் சத்தம் தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் தணிகாசலம் சொன்னார்:

"நாளான்னைக்கு அந்த வூட்டுக்கு மருமவளா வரப்போறது என் பொண்ணும்மா."