ஒரு ஜாண் ரப்பர்

"இதோ, இங்கதான் காத்து உள்ளே வருது" என்றார் சோதனைக்காரர்.

வாசல் கதவில் பெரிய விசிறியை மாட்டி, வீட்டுக் காற்றை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். எங்கே இடுக்கு இருந்தாலும் அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே பாயும். அவர் கையிலிருந்த புகைக்குச்சி, மாமியார் அறை ஜன்னல் பக்கம் போனதும் புகை கலைந்து ஓடியது.

மருமகள் குனிந்து பார்த்தாள். ஜன்னல் சட்டத்தைச் சுற்றி ஓடும் கறுப்பு ரப்பரில் ஒரு ஜாண் நீளத்தைக் காணோம். தானாகப் பிய்ந்ததல்ல. கத்தரிக்கோலால் வெட்டியது.

"மீட்டர் எவ்வளவு காட்டுது?"

"பாயின்ட் ஆறு ரெண்டு. பாயின்ட் ஆறைத் தாண்டினா காத்துப் புகாத வீடுன்னு சான்றிதழ் கிடையாது மேடம்."

அவளுக்குச் சுருக்கென்றது. வெயிலும் குளிரும் அண்டாமல், கரண்ட்டை அள்ளிக் குடிக்காமல் ஒரு வீடு வேண்டும் என்று பிடிவாதமாகக் கட்டியவள். ஆறு மாதம், ஆஸ்பத்திரிக்கு மாலை ஷிப்ட் கிளம்புவதற்கு முன்னால் ஏணியில் ஏறி, சுவரும் கூரையும் சேரும் இடமெல்லாம் தன் கையாலேயே டேப் ஒட்டியிருந்தாள். 'இது வீடா, மூடி போட்ட டப்பாவா?' என்று மாமியார் முதல் நாளே முகத்தைச் சுளித்தது ஞாபகம் வந்தது.

"அத்தை, இதை வெட்டினது நீங்களா?"

கட்டிலில் உட்கார்ந்து போர்வையை மடித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிரவில்லை. "ஆமா" என்றார்.

"மூச்சு முட்டுதா? சுத்தமான காத்துதான் குழாய் வழியா நாள் பூரா வருதே. எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?"

"காத்துக்கு ஒரு குறையும் இல்லம்மா."

"அப்புறம் என்ன? நான் கட்டின வீடு உங்களுக்குப் பிடிக்கலை. அதை வாயால சொல்லியிருக்கலாம்."

மாமியார் மடித்த போர்வையைத் தலைமாட்டில் வைத்தார். சோதனைக்காரர் மும்முரமாக மீட்டரைத் துடைக்க ஆரம்பித்தார்.

புது ரப்பரை அழுத்திப் பொருத்தினார்கள். விசிறி மறுபடி சுற்றியது.

"பாயின்ட் அஞ்சு எட்டு. பாஸ் மேடம்."

அவர் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். ஆசைப்பட்ட எண் கிடைத்தும் மருமகளுக்கு மனசு ஆறவில்லை. மாமியார் அறைக்குத் திரும்பிப் போனாள்.

"கத்தரிக்கோலைக் குடுங்க அத்தை. என்கிட்டயே இருக்கட்டும்."

மாமியார் மறுபேச்சில்லாமல் எடுத்து நீட்டினார். அவள் கதவருகே போனபோதுதான் மெல்லக் கேட்டார்.

"வேலை முடிஞ்சு வந்ததும் என் கதவை ஒரு தட்டு தட்டிட்டுப் போறியாம்மா? எத்தனை மணியானாலும் நீ வந்து கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டாத்தான் எனக்குக் கண்ணு அசரும். இந்த வீட்டுல அது காதுலயே விழமாட்டேங்குது."