ஆட்டுக்குட்டி கத்தும் காலை

கேதீஸ்வரன் சீப்பை நனைத்து மகளுக்குத் தலை இழுத்துவிடுகிறான். வகிடு இன்றும் கோணல். "பாணோ, இடியப்பமோ, பிள்ளை?" ஆரணி வாய் திறக்கவில்லை. பொங்கலும் போய்விட்டது, வெள்ளத்துக்குப் பிறகு அவள் கதைப்பதேயில்லை. யன்னலுக்கு வெளியே, சுற்றுக்கட்டில்லாத தோட்டக் கிணற்றைச் சுற்றி இப்போது முள்ளுக்கம்பி. அன்று கிணறும் முற்றமும் ஒரே தண்ணீராய்க் கிடந்தன. விளிம்பு தெரியாமல் கால் வைத்த அவன் மனைவி உதயகலாவைப் பிணமாகத்தான் எடுத்தார்கள். பூவரசில் கட்டிய ஆட்டுக்குட்டி கத்துகிறது. ஆரணி இரண்டு காதையும் பொத்துகிறாள். பாதிப் பின்னல் அவன் விரல்களில் இறுகுகிறது. "பசிக்குத்தானம்மா கத்துது," என்கிறான். அவள் கடைசியாகச் சொன்னது அவனுக்கும் கேட்டது. வாசலில் நின்று, மழையைப் பார்த்தபடி தாயிடம் சொன்னாள்: "அம்மா, குட்டி கத்துது, போய் அவிட்டு விடுங்கோ."