பக்கத்து இடம்

"கண்ணாடியை எதுக்குடி துணி போட்டு மூடி வச்சிருக்கோம்? சொல்லு பார்ப்போம்."

துக்க வழக்கப்படி குட்டையான முக்காலியில் உட்கார்ந்தபடி மாமியார் ரிம்மா கேட்டாள். பெற்ற மகனை அடக்கம் பண்ணிவிட்டு வந்து துக்கம் காக்கிற வாரத்திலும் அவளுடைய பரீட்சை நிற்கவில்லை.

"துக்கத்துல இருக்கறவங்க தன் முகத்தையே பார்த்துட்டு நிக்கக் கூடாதுன்னு," என்றாள் கலீனா.

குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. இஸ்ரேலின் ஹைஃபா துறைமுகத்தில் வேலைக்கு நடுவே புருஷன் மத்வேய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான் என்று போன் வந்ததிலிருந்து, அவளுக்கு எல்லாமே எங்கோ தூரத்தில் நடந்துகொண்டிருந்தது. அழுகைகூட வரவில்லை.

"துக்க வீட்டுல அவிச்ச முட்டை சாப்பிடறது எதுக்கு?"

"உருண்டையா இருக்கில்லம்மா. வாழ்க்கையும் அப்படிச் சுத்தி வரும்னு."

ரிம்மா தலையை ஆட்டிக்கொண்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். கலீனா உக்ரைனில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். மத்வேயைக் கட்டிக்கொள்வதற்காக யூத குருமார்களான ரபிகளிடம் படித்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, யூத மதத்துக்கு மாறியவள்.

"நீ படிச்சு பாஸ் பண்ணினவ. தாய் யூதச்சின்னா பிள்ளை யூதன். என் பையன் என் வயித்துலயே பாஸ்!" என்று வந்தவர்கள் முன்னால் ரிம்மா சொல்லிச் சிரிப்பாள். ஆனாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெழுகுவத்தி ஏற்றி ஜெபம் சொல்வது கலீனாதான். "நீயே சொல்லு. தப்பு விடறியான்னு பார்க்கறேன்," என்று ரிம்மா பக்கத்தில் நின்றுகொள்வாள்.

துக்கத்தின் கடைசி நாள், யூதர்களை மட்டுமே புதைக்கிற கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடத்தி வைத்த குழுவிலிருந்து யஹியேல் வந்தார். உட்காரவில்லை.

"மத்வேய் பக்கத்துல ஒரு இடம் காலியா இருக்கு. ஒண்ணுதான். பொண்டாட்டிக்கா, அம்மாவுக்கா? சொன்னீங்கன்னா ஒதுக்கி வச்சிடுவோம்."

கிழவி விட்டுத்தர மாட்டாள் என்று கலீனாவுக்குத் தெரியும். சண்டை போட உடம்பில் தெம்பில்லை. எடுத்துக்கொள்ளட்டும்.

"இவளுக்கே குடுங்க," என்றாள் ரிம்மா.

யஹியேல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவசரமில்ல. யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க," என்று கிளம்பினார்.

அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த பருப்புச் சாறு மேஜையில் ஆறிப்போய்க் கிடந்தது. கலீனா ஒரு கிண்ணத்தில் ஊற்றி மாமியார் கையில் கொடுத்தாள்.

"அந்த இடத்தை நீங்களே வச்சுக்கங்கம்மா. அவரைப் பெத்தவங்க நீங்க. என்னை எங்க போட்டா என்ன?"

"வேணாம்டி."

"நாளைக்கு நானே சொல்லிடறேன்."

"வேணாங்கறேன்ல." ரிம்மா வாசல் பக்கம் காதைத் திருப்பினாள். "அந்த ஆளு படி இறங்கிட்டாரா, பாரு."

கலீனா எட்டிப் பார்த்தாள். "தெருவுக்கே போயிட்டாரு."

ரிம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். துணி போட்ட கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவன் பக்கத்துல படுக்கணும்னு எனக்கு ஆசை இல்லாமலா? ஆனா உயிரோட இருக்கறவரைக்கும் சொன்ன பொய்யை, மண்ணுக்குள்ள போயும் சொல்லிட்டுக் கிடக்க முடியாதுடி. அதுவும் அவன் பக்கத்துல."

"என்ன பொய்ம்மா?"

ரிம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ரகசியம்போலக் கேட்டாள்.

"யாருக்கும் தெரியாம யூதச்சியா மாறணும்னா, என் வயசுல சேத்துக்குவாங்களாடி?"