'மறுகை' கடையின் வரலாறு

நான் எழுதிய நான்கு பக்க வரலாற்றில் மூன்றரைப் பக்கம் என்னைப் பற்றியே இருந்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? நடந்ததைத்தானே எழுத வேண்டும்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டியதும் வரும் சந்தில் இருக்கிறது எங்கள் 'மறுகை' கடை. ஊருக்குக் கிளம்பும் வெளிநாட்டுக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போகும் கம்பளி, கெட்டில், கொசுவலை, யோகா பாய் எல்லாவற்றையும் சல்லிசாக விற்போம். வரும் பணம் அடி அண்ணாமலை கிராமத்து ஏழைப் பிள்ளைகளின் நோட்டுக்கும் செருப்புக்கும் போகும். ஏழு பேர் வேலை செய்கிறோம். யாருக்கும் சம்பளம் கிடையாது.

கட்டடத்தின் சொந்தக்காரர் இங்கே கெஸ்ட் ஹவுஸ் கட்டப் போகிறாராம். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். கடையை மூடுவதா, வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் அன்று மாலைக் கூட்டம். என் வரலாற்றைக் கேட்டபிறகு யாருக்கும் மூட மனம் வராது என்று நம்பினேன்.

எழுந்து நின்று வாசித்தேன்.

"நான் துணை தாசில்தாராக ஓய்வு பெற்ற பதினைந்தாம் நாள். வீட்டுச் சமையலறை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கி, சீட்டு ஒட்டி, அந்த முறையை மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். மறுநாளே நர்ஸ் சந்திரகலா அம்மையார் வீடு தேடி வந்தார். 'கடை ஒண்ணு ஆரம்பிக்கிறோம் சார், உங்களை மாதிரி நிர்வாகம் தெரிஞ்சவர் வேணும்' என்றார்."

பிறகு என் நிர்வாகம் வந்தது. சட்டைகளை அங்குல வாரியாகப் பிரித்தது, வரிசை எண் இல்லாமல் ஒரு ஸ்பூன்கூட வெளியே போகாதபடி செய்தது. ஒரு ஸ்பூன் வாங்க இருபது நிமிடம் ஆகிறது என்று சிலர் சொன்னதை மட்டும் எழுதவில்லை.

முடித்ததும், துணி பிரிக்கும் மணியம்மாள் கேட்டாள். "நல்லாதான் கீது சார். இந்த வரலாற வெச்சிக்கினு கடைய எங்க போடறது?"

சந்திரகலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கும் வயசு அறுபத்தெட்டு ஆச்சு, புகழேந்தி சார். இடம் தேடி அலைய முடியல. மூடிடலாம்."

எட்டு வருடம். நான் பார்த்துப் பார்த்து அடுக்கிய கடை.

அப்போதுதான் வாசலில் என் மனைவி அருணாதேவி வந்து நின்றாள். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூடக் கடைக்குள் கால் வைக்காதவள். ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடி வந்திருப்பாள் போல, மூச்சு வாங்கியது. கையில் ஒரு சாவி.

"எங்க அண்ணன் வீட்டு முன்பக்கத்து போர்ஷன் காலியாதான் கிடக்குது. வாடகை வேணாம்னுட்டாரு. நாளைக்கே சாமானெல்லாம் ஏத்திடுங்க."

மணியம்மாள் கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். சந்திரகலா எழுந்துபோய் அருணாதேவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டாவது தடவையும் நீங்களேதான் காப்பாத்தணுமா?"

"ரெண்டாவது தடவையா?" என்றேன்.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாங்க சார். என் வீட்ல கிடந்த சாமானையெல்லாம் நான் காயலாங்கடைக்குப் போட இருந்தேன். இவங்கதான் ஓடி வந்து, போடாதீங்க, கடையா வெக்கலாம்னாங்க. யோசனையே இவங்களுது."

கையிலிருந்த நான்கு பக்கத்தையும் மெதுவாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஒரு கருணைக் கடலோடு குடித்தனம் நடத்திக்கொண்டு, தினமும் சாப்பாட்டு வேளையில் அவளுக்கே சேவையைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன்.

கண் கலங்கிவிட்டது. "ஏழைங்க மேல உனக்கு இவ்ளோ இரக்கமா, அருணா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

அவள் சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"ஏழைங்களுக்காக இல்லீங்க. நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க."